மீன்கொடி காட்டிய வழி!

சுற்றுச்சூழல் கல்வி என்றதும் நம் கண்முன் வந்து நிற்கும் காட்சி எது? ஒரு மேடை; ஒரு மரக்கன்று; கன்றைச் சுற்றிப் பத்துப் பெரியவர்கள்; பூவாளியோடு ஒரு மாணவன்; எதிரே ஒரு புகைப்படக்காரர். படம் பிடித்தாயிற்று, பத்திரிகைக்கும் அனுப்பியாயிற்று. கன்று பிழைத்ததா, காய்ந்ததா என்று மறுநாள் கேட்பார் இல்லை. இதற்குப் பெயர் கல்வியாம்!

மரம் நடுவதை நாம் பழிக்கவில்லை. நடட்டும், நன்றாக நடட்டும், நீரும் ஊற்றட்டும்! நாம் கேட்பது வேறு. இந்தக் கல்வி எங்கே பிறந்தது? யாருடைய கண்ணீரிலே பிறந்தது? யாருக்காகப் பிறந்தது?

மாநாட்டு மண்டபத்திலே பிறந்தது என்கிறார்கள் சிலர். 1972-ல் ஸ்டாக்ஹோம், 1975-ல் பெல்கிரேட், 1977-ல் திபிலிசி என்று ஊர்ப்பெயர்களை அடுக்குகிறார்கள். ஊரும் சரி, ஆண்டும் சரி. இன்னும் பின்னோக்கிப் போவாரும் உண்டு. இயற்கையே குழந்தைக்கு நல்லாசான் என்று 1762-ல் 'எமீல்' எழுதினார் பிரெஞ்சு மொழியிலே ரூசோ. பூச்சியையும் புல்லையும் பார்த்துப் பயிலும் முறைக்கு 1911-ல் பெருநூல் ஒன்று தந்தார் அமெரிக்க அம்மையார் அன்னா காம்ஸ்டாக். மறுக்கவில்லை, அவையெல்லாம் வேர்கள்தாம். ஆனால் தோழர்களே, ஆழமான வேர் ஒன்று உண்டு. அது புகைபோக்கியின் நிழலிலே, ஆலைக் கழிவு பாயும் கடலோரத்திலே, ஜப்பான் நாட்டுப் பாமர மக்கள் நட்ட வேர். அந்தக் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

போரிலே தோற்று, குண்டுவீச்சிலே கருகிக் கிடந்த நாடு ஜப்பான். ஆலை எழுந்தால் வாழ்வு எழும் என்று நம்பிற்று. நம்பியது குற்றமா? இல்லை! பசித்தவன் வேலையைத்தான் தேடுவான். யொக்கைச்சி என்னும் துறைமுக நகரிலே, பெட்ரோலிய இரசாயன ஆலைகளின் பெருங்கூட்டம் ஒன்று 1959-ல் முழுவீச்சில் இயங்கத் தொடங்கிற்று. இரவைப் பகலாக்கும் விளக்குகள்! வானைத் தொடும் குழாய்கள்! ஆலைகளுக்கு அண்டையிலே ஷியோஹாமா தொடக்கப்பள்ளி. அந்தப் பள்ளியின் பாட்டிலேயே ஆலைகளின் பெருமை இடம்பெற்றிருந்தது. பிள்ளைகள் பாடினார்கள். பாடிக்கொண்டே இருமினார்கள்!

ஆம், கந்தகப் புகை. எண்ணெயிலே இருந்த கந்தகம் எரிந்து, காற்றிலே கலந்து, மூச்சுக்குழலை அறுத்தது. முதியவர் மூச்சுக்குத் தவித்தனர். மீனவர் குடியிருப்பிலே ஆஸ்துமா அடுத்தடுத்த வீடுகளில் நுழைந்தது. பள்ளிப் பிள்ளைகள் முகமூடி அணிந்து வகுப்புக்கு வந்தார்கள். நாள்தோறும் வாய் கொப்பளிக்க வைக்கப்பட்டார்கள். பள்ளியின் பாட்டு ஒன்று சொல்கிறது, பிள்ளையின் நெஞ்சு வேறொன்று சொல்கிறது. எது பாடம்? எது பொய்? 1972 ஜூலையில் நீதிமன்றம், ஆறு நிறுவனங்கள் இந்த நோய்க்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. பள்ளிப் பாட்டின் அடிகள் மாற்றப்பட்டதும் அந்த ஆண்டில்தான்.

இன்னொரு ஊரைப் பாருங்கள். மினமாட்டா. 1956 மே முதல் நாள் — உலகத் தொழிலாளர் திருநாள்! — சிஸ்ஸோ நிறுவனத்து ஆலை மருத்துவமனையின் தலைவர் டாக்டர் ஹொசோகாவா, காரணம் தெரியாத மூளைநோய் ஒன்று பரவுகிறது என்று சுகாதார நிலையத்துக்குத் தகவல் அனுப்பினார். கைகால் நடுங்கின, நா குழறிற்று, கண்பார்வை சுருங்கிற்று. ஊர்ப் பூனைகள் வெறிகொண்டு ஆடி மாண்டன. ஆலை கடலில் விட்ட கழிவிலே பாதரசம். பாதரசத்தைச் சுமந்தது மீன். மீனைத் தின்றது மீனவர் குடும்பம். தாய் உண்ட மீன், வயிற்றிலிருந்த சிசுவையும் தீண்டிற்று.

1959-ல் அதே டாக்டர் ஹொசோகாவா, ஆலைக் கழிவைப் பூனை ஒன்றுக்கு உணவிலே கலந்து கொடுத்துப் பார்த்தார். 400-ஆம் எண் பூனை என்று வரலாறு அதைக் குறிக்கிறது. பூனைக்கு அதே நோய் கண்டது. உண்மை தெரிந்துவிட்டது! ஊருக்கா? இல்லை. நிறுவனத்துக்கு மட்டும்! உண்மையை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். ஆலைக் கழிவே காரணம் என்று ஜப்பான் துரைத்தனத்தார் வாய் திறந்து அறிவித்தது 1968 செப்டம்பரில். இடையே ஒன்பது ஆண்டுகள்! அந்த ஒன்பது ஆண்டுகளில் எத்தனை வலை வீசினர் மீனவர்! எத்தனை தாய்மார் மீன் சமைத்தனர்! அறிவு இருந்தது, ஆனால் தேவைப்பட்டவன் கையிலே அது இல்லை. சூழல் கல்வி எதற்கு என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

இனி வருகிறது மீன்கொடி. பாண்டியன் பறக்கவிட்ட கொடி அல்ல. ஜப்பானியர் வீட்டு வாசலிலே பறக்கும் கொடி. மே 5-ஆம் நாள் அங்கே சிறுவர் திருநாள். அந்த நாட்களில் வீட்டுமுன் உயர்ந்த கம்பம் நட்டு, கெண்டைமீன் வடிவிலே தைத்த துணிப்பையைக் கட்டுவார்கள். காற்று அதன் வாயிலே புகுந்தால் மீன் நீந்துவதுபோல் ஆடும். பிள்ளைகளின் விளையாட்டுக் கொடி! அந்தக் கொடிதான், நிபுணர்கள் சிலர் சொன்ன பேச்சை எதிர்த்து நின்றது.

1963 டிசம்பரில் ஷிசுவோக்கா மாகாணத்திலே, நுமாசு, மிஷிமா நகரங்களையும் ஷிமிசு என்னும் சிற்றூரையும் சேர்த்து, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இரசாயன ஆலை, அனல் மின்நிலையம் மூன்றும் அமைப்பதென்று திட்டம் அறிவித்தார்கள். வளம் வரும், வருவாய் வரும் என்றார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? கல்லைத் தூக்கவில்லை. பேருந்தில் ஏறினார்கள்! நேரே யொக்கைச்சிக்குப் போனார்கள். புகையைப் பார்த்தார்கள், நாற்றத்தை முகர்ந்தார்கள், நோயாளியின் வாய்மொழியைக் கேட்டார்கள். படம் பிடித்தார்கள், ஒலிநாடாவிலே பதிந்தார்கள். ஊர் திரும்பினார்கள். பிறகு தெருத் தெருவாகக் கூடிப் படிக்கத் தொடங்கினார்கள்.

ஆம், படித்தார்கள்! ஊர்க் கூடங்களிலே, மாலை வேளையிலே, நூற்றுக்கணக்கான படிப்புக் கூட்டங்கள். உழவர் வந்தார், மீனவர் வந்தார், கடைக்காரர் வந்தார், அடுப்படி வேலையை முடித்துவிட்டுத் தாய்மார் வந்தனர். உள்ளூர் ஆசிரியர்கள் திரையிலே படம் காட்டி விளக்கினார்கள். கந்தகப் புகை என்றால் என்ன? ஆலைக்கு நாள்தோறும் எவ்வளவு நீர் வேண்டும்? அவ்வளவையும் நிலத்தடியிலிருந்து உறிஞ்சினால் நம் ஊற்றுக்கள் என்னவாகும்? குளிர்ந்த காற்று கீழே தங்கி, சூடான காற்று மேலே மூடிபோல் கவிந்துகொண்டால் புகை எங்கே போகும்? மேலே போக வழியின்றி ஊருக்குள்ளேயே சுற்றும் அல்லவா? இவை கல்லூரிக் கேள்விகள். விடை தேடியவர்களோ கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்!

துரைத்தனத்தார் சும்மா இருப்பார்களா? குரோகாவா என்பவர் தலைமையிலே நிபுணர் குழுவை அனுப்பினர். ஹெலிகாப்டர் பறந்தது. ஊரின் சிறு மாதிரியைச் செய்து அதன்மேல் காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். மக்கள் பக்கத்திலே ஹெலிகாப்டர் ஏது? மிஷிமாவில் இருந்த மரபியல் ஆய்வு நிலையத்து அறிவியலாளர் மட்சுமுராவும், நுமாசு தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர்களும் மக்களுக்காகத் தனிக்குழு அமைத்தார்கள். கருவிக்குப் பணம் இல்லை. கண் இருந்தது, கருத்து இருந்தது, மாணவர் பட்டாளம் இருந்தது!

1964 மே மாதம். ஊரெங்கும் மீன்கொடிகள். நூற்றுக்கணக்கான மாணவர்கள் பல இடங்களிலே நின்று, மீனின் தலை எந்தத் திக்கு, வால் எந்தத் திக்கு, மணி எத்தனை என்று குறித்தார்கள். குறிப்புக்களைத் திரட்டி வரைபடத்திலே ஏற்றினார்கள். காலையிலே காற்று இப்படி, மாலையிலே அப்படி. கடற்கரையிலே ஒருவிதம், மலையடியிலே வேறுவிதம். ஆலையின் புகை எந்தத் தெருவுக்கு வரும் என்பதை அந்த வரைபடம் எடுத்துக் காட்டிற்று. விளையாட்டுக் கொடி ஆய்வுக் கருவியாயிற்று, மாணவன் ஆய்வாளனானான்!

தக்க ஏற்பாடு செய்தால் தீங்கு வராது என்றது நிபுணர் குழு. அதை வேதவாக்கென்று ஏற்றுக்கொள்ளவில்லை மக்கள் குழு. 1964 ஆகஸ்டில் தலைநகர் டோக்கியோவிலே இரு குழுக்களும் நேருக்கு நேர் அமர்ந்தன. உள்ளூர் ஆசிரியர்கள் நாட்டின் நிபுணர்களைக் கேள்வி கேட்டார்கள். செப்டம்பரில் நுமாசுவிலே 25,000 பேர் திரண்டனர். அந்த இலையுதிர் காலம் முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது. புத்தகமும் வரைபடமும் பெற்ற வெற்றி அது! ஜப்பானிய மொழியிலே 'கோகாய்' என்பார்கள். பொதுக்கேடு என்று பொருள். இந்த வெற்றிக்குப் பிறகு, கோகாய் கல்வி பள்ளி ஆசிரியர்களிடையே நாடெங்கும் வேர் பிடித்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். ஆலையிலே வேலை செய்யும் தோழரே கேட்பார்: "அவர்களுக்கென்ன, ஆலை வருமுன் தடுத்தார்கள். ஆலை வந்து, அதிலே என் சோறும் இருந்தால்?" நியாயமான கேள்வி. ஒதுக்கித் தள்ள நாம் தயாராயில்லை. விடையும் மினமாட்டாவிலேயே இருக்கிறது.

1959-ல் கழிவை நிறுத்து என்று மீனவர் கிளர்ச்சி செய்தபோது, நிறுத்தாதே என்று மாகாண ஆளுநரிடம் மனுக்கொடுத்தவர்களிலே, நகரத் தலைவர்களோடு ஆலைத் தொழிற்சங்கமும் இருந்தது! கழிவு நின்றால் ஆலை நிற்கும், ஆலை நின்றால் அடுப்பு அணையும் என்ற அச்சம். மீனவனும் ஏழை, தொழிலாளியும் ஏழை. ஏழையை ஏழைக்கு எதிரே நிறுத்திவிட்டது அந்த அச்சம். பின்னர் 1962-லும் 1963-லும் ஊதியத் தகராறு வெடித்தது. நிறுவனத்தின் மற்றொரு முகத்தைத் தொழிலாளியே கண்டான். சங்கம் இரண்டாகப் பிளந்தது. போராடிய பழைய சங்கம் 1968 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: மினமாட்டா நோயை எதிர்த்து இதுவரை நாம் போராடாமல் இருந்தது மனிதர்க்கும் தொழிலாளர்க்கும் வெட்கக்கேடு என்று! 1970 மே மாதத்திலே, ஊதியத்துக்காக அன்று, இந்த நோய்க்கு நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்பதற்காக எட்டு மணி நேரம் வேலைநிறுத்தமும் செய்தனர்.

அந்தத் தீர்மானத்தை எந்தப் பல்கலைக்கழகம் கற்பித்தது? ஆலைக்குள்ளே நஞ்சை முதலில் தொடுபவனும் முகர்பவனும் தொழிலாளி. குழாயிலே என்ன போகிறது, இரவிலே எந்த மதகு திறக்கிறது என்று அறிந்தவனும் அவனே. அவன் கற்றுவிட்டால் ஊர் கற்றுவிட்டது என்று பொருள். அவன் வாய் மூடினால், எத்தனை பாடப்புத்தகம் அச்சிட்டும் பயன் இல்லை.

மக்கள் கற்றதும் சட்டம் அசைந்தது. 1967-ல் இயற்றிய மாசுத் தடுப்பு அடிப்படைச் சட்டத்திலே, பொருளாதார வளர்ச்சிக்கு ஒத்துப்போக வேண்டும் என்றொரு வாசகம் நுழைத்திருந்தார்கள், நஞ்சுக்குப் பின்வாசல்! 1970 இறுதியில் கூடிய நாடாளுமன்றம் அந்த வாசகத்தை நீக்கியது. ஒரே கூட்டத்தில் 14 சட்டங்களை நிறைவேற்றியது. மறு ஆண்டே பள்ளிப் பாடத்திட்டத்திலும் மாசு பற்றிய பகுதி திருத்தப்பட்டது. 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு கூடியபோது மினமாட்டா நோயாளிகள் அங்கே போனார்கள். தாய் வயிற்றிலேயே நஞ்சேறிய இளம்பெண்ணும் போனாள். மாநாட்டின் அறிக்கை, இளைஞர்க்கும் முதியோர்க்கும் சூழல் கல்வி இன்றியமையாதது என்றது. 1977-ல் திபிலிசி மாநாடு, அறிதல் மட்டும் போதாது, சிக்கலைத் தீர்க்கும் திறனும் பங்கெடுப்பும் வேண்டும் என்று வகுத்தது. மக்கள் முன்னே நடந்தார்கள்; மாநாடுகள் பின்னே வந்தன!

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1970-களின் நடுவிலே 'பொதுக்கேட்டுக் கல்வி' என்ற பெயர் மெல்ல மறைந்து, 'சூழல் கல்வி' என்ற பெயர் வந்தது. பெயர் மாறினால் என்ன? பரப்பு விரிந்தது, காடும் விலங்கும் உலக வெப்பமும் உள்ளே வந்தன, நல்லதுதான். ஆனால் "யார் செய்தது?" என்ற கூர்மையான கேள்வி மழுங்கி, "நாம் எல்லோரும்தான் காரணம்" என்ற மெத்தைப் பேச்சு பரவிற்று. எல்லோரும் காரணம் என்றால் எவரும் காரணமில்லை! குழாயைத் திறந்துவிட்டவனும், குழாயடியில் குடம் வைத்தவளும் ஒன்றா?

நம் நாட்டிலும் இந்தக் கல்விக்கு ஒரு நாள் உண்டு. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கிலே, 1991 நவம்பர் 22 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது: பள்ளியிலும் கல்லூரியிலும் சூழல் கட்டாயப் பாடமாகட்டும், திரையரங்குகளில் சூழல் பற்றிய படவில்லைகளைக் காட்டுங்கள் என்று. நல்ல ஆணை. பாடம் வந்தது, புத்தகம் வந்தது, தேர்வும் வந்தது. ஓசோன் படலத்துக்கு ஐந்து மதிப்பெண். உணவுச் சங்கிலிக்குப் பத்து மதிப்பெண். தன் ஊர் வாய்க்கால் ஏன் நிறம் மாறிற்று என்ற வினாவுக்கு வினாத்தாளில் இடம் உண்டா? அதைத்தான் கேட்கிறோம்.

தோழர்களே, மீன்கொடி காட்டிய வழியை மறவாதீர். முதலில் நேரில் பாருங்கள். பட்டவன் வாய்மொழியைக் கேளுங்கள். கண்டதை நாளும் மணியும் போட்டுக் குறித்து வையுங்கள். படிப்பகத்திலே கூடி, தெரிந்த ஆசிரியரை அழைத்து, புரியும்வரை கேளுங்கள். நிபுணர் சொன்னால் மதியுங்கள். மதித்தபின் கேள்வியும் கேளுங்கள். ஆலை வேண்டாம் என்று கூறவில்லை. ஆலை நம் வாழ்வுக்கு வேண்டும், நம் உயிரை விலையாகக் கேட்காத ஆலை வேண்டும்! காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கண்டறியும் உரிமை, அந்தக் காற்றை மூச்சாக இழுக்கும் ஒவ்வொருவனுக்கும் உண்டு. அந்த உரிமையைக் கற்றுக்கொடுப்பதே சூழல் கல்வி. அது நம் பிள்ளைகளின் ஏட்டிலும் ஏறட்டும். நம் ஆலை வாயிலிலும் ஒலிக்கட்டும்!