ஆங்கில உருபைத் தமிழில் தேட வேண்டாம்

கடினமான ஆங்கிலச் சொற்களையும் சரளமாகக் கையாளுகிறவர்கள்கூட, ‘குட்’ என்ற சின்னச் சொல்லுக்குப் பின்னால் ‘அட்’ வருமா, ‘இன்’ வருமா என்று தடுமாறுகிறார்கள். பயிற்சி போதவில்லை என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்ள வேண்டியதில்லை; விடையைத் தமிழில் தேடுவதால் வரும் தடுமாற்றம் இது. ‘கணக்கில் கெட்டிக்காரன்’ என்பதிலுள்ள ‘இல்’ நம்மை ‘குட் இன்’ என்று சொல்ல வைக்கிறது. ‘அவன்மேல் கோபம்’ என்பது ‘ஆங்ரி ஆன்’ ஆகிறது. ‘என்னைவிட மூத்தவர்’ என்பது ‘சீனியர் தேன்’ ஆகிறது. ஆங்கில மரபில் இவை ‘குட் அட்’, ‘ஆங்ரி வித்’, ‘சீனியர் டு’. பெயரடைக்குப் பின் வரும் பிரிபொசிஷனைத் தமிழ் உருபை வைத்துக் கணிக்க முடியாது. பெயரடையோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

தமிழும் இப்படித்தான் இயங்குகிறது. அச்சத்தைக் குறிக்கும் சொல் இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும், ஐந்தாம் வேற்றுமையையும் ஏற்கும் என்று தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியல் தனியாகவே விதிக்கிறது. ‘பழியை அஞ்சும்’, ‘பழியின் அஞ்சும்’ இரண்டும் அன்று சரி. இன்று நாம் ‘பழிக்கு அஞ்சி’ என்கிறோம். நான்காம் வேற்றுமை வந்து அமர்ந்துவிட்டது. உருபைத் தீர்மானிப்பது அஞ்சுதல் என்ற சொல்லும் அதன் வழக்கும்தான். ஆங்கிலத்தில் அதே அச்சத்துக்கு ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ என்று வழக்கு அமைந்திருக்கிறது.

அப்படியானால் விதியே இல்லையா என்று கேட்கலாம். ஓரளவு உண்டு. திறமையைச் சொல்லும் ‘குட்’, ‘பேட்’, ‘பிரில்லியன்ட்’ ஆகியவை ‘அட்’ ஏற்கின்றன. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ ஆகியவை லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள். அவை ‘டு’ ஏற்கின்றன. தெரிந்ததை நினைவில் நிறுத்த இந்தக் குழுக்கள் உதவும். தெரியாததைக் கண்டுபிடிக்க உதவா. விருப்பத்தைச் சொல்லும் மூன்று சொற்களைப் பாருங்கள்: ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘கீன் ஆன்’, ‘ஃபாண்ட் ஆஃப்’. பொருள் நெருங்கியிருக்கிறது, பிரிபொசிஷன் மூன்றும் வேறு. ‘டிஃபரன்ட்’ என்ற ஒரே சொல்லுக்கே பிரிட்டனில் ‘டு’வும் அமெரிக்காவில் ‘தேன்’னும் வழங்குகின்றன, ‘ஃபிரம்’ எங்கும் செல்லும்.

எதைப் போட்டாலும் கேட்பவருக்குப் புரியுமே என்பது அடுத்த மறுப்பு. பேச்சில் பெரும்பாலும் புரியும் என்பது உண்மை. ஆனால் பொருளே மாறும் இடங்கள் உண்டு. ‘டயர்ட் ஃபிரம்’ என்றால் வேலையால் வந்த களைப்பு. ‘டயர்ட் ஆஃப்’ என்றால் அந்த வேலையே சலித்துவிட்டது. ஓர் அறிக்கை ஒரு பிரச்சினையைப் பற்றியது என்பதற்கு ‘கன்சர்ன்ட் வித்’. அந்தப் பிரச்சினையை எண்ணிக் கவலைப்படுகிறோம் என்பதற்கு ‘கன்சர்ன்ட் அபவுட்’. அலுவலகக் கடிதத்தில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

இதெல்லாம் மனப்பாடம்தானே என்று சலித்துக்கொள்வோர் ஹெரால்ட் பாமரின் பணியை அறிய வேண்டும். ஜப்பானில் ஆங்கிலக் கற்பித்தலுக்கு ஆலோசகராக இருந்த அவர், இணைந்தே வரும் சொற்களை உதிரியாகக் கோக்காமல் முழுமையாகவே கற்க வேண்டும் என்று 1933-இல் வெளியிட்ட அறிக்கையில் வலியுறுத்தினார். அங்கே அவருடன் பணியாற்றிய ஏ. எஸ். ஹார்ன்பி 1942-இல் கொண்டுவந்த அகராதியே பின்னர் ஆக்ஸ்போர்டின் மாணவர் அகராதியாக வளர்ந்தது. அத்தகைய அகராதியில் பெயரடையின் பக்கத்திலேயே அதற்குரிய பிரிபொசிஷன் இருக்கும். புதிய பெயரடை வரும்போது அதை மட்டும் குறிக்காமல், ‘ஷி இஸ் குட் அட் டிராயிங்’ என்பதுபோல முழு வாக்கியமாக எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். பிரிபொசிஷனுக்குப் பின் வினைச்சொல் ‘இங்’ ஏற்கும் என்பதும் அதோடு சேர்ந்தே பதிந்துவிடும். நூறு இணைகள் கொண்ட பட்டியலை ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட, அன்றாடம் தேவைப்படும் இருபது பெயரடைகளை இப்படி வாக்கியத்தோடு கற்பது நிலைத்த பயன் தரும்.