கருவுற்ற தாயும் கதிர்வீச்சு அச்சமும்

நாள் தள்ளிப்போனதை உணராத நிலையில், நீடித்த இருமலுக்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறாள் ஓர் இளம் பெண். பத்து நாள் கழித்துத் தான் கருவுற்றிருப்பதை அறிகிறாள். மகிழ்ச்சி பொங்க வேண்டிய இல்லத்தில் கலக்கம் குடிபுகுகின்றது. "பிள்ளை குறையோடு பிறந்துவிடுமோ?" என்று கணவன் ஏங்குகிறான். "இப்போதே கலைத்துவிடுவது நல்லது" என்று எல்லாம் அறிந்தவர்போல் யாரோ ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். "சாமி, நாங்கள் என்ன செய்வது?" என்று பங்குத் தந்தையிடம் வரும் இத்தகைய பெற்றோருக்கு ஆறுதல் மொழி மட்டும் போதாது, உண்மையையும் எடுத்துரைக்க வேண்டும். உண்மை அறியாத அச்சம் எத்துணைக் கொடியது என்பதற்குக் கிரேக்க நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியே சான்று.

1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், அன்றைய சோவியத் ஒன்றியத்தைச் சார்ந்த உக்ரேனில் செர்னோபில் அணுஉலை வெடித்தது. காற்றில் மிதந்த கதிரியக்கத் துகள்கள் மே மாதத் தொடக்கத்தில் கிரேக்க நாட்டையும் எட்டின. செய்திகள் ஒன்றோடொன்று முரண்பட்டன, வதந்திகள் பரவின. கருவுற்ற பெண்கள் நடுங்கினர். மகப்பேறு மருத்துவர் பலர், எதற்கும் கருவை அகற்றிவிடுவதே முன்னெச்சரிக்கை எனக் கருதினர். வேறு சிலர், அஞ்சி வந்து மன்றாடிய தாய்மாரை மறுக்க இயலாது இணங்கினர். சில வாரங்களில் மருத்துவர்களின் தவறான எண்ணம் பெரும்பாலும் நீங்கியது. ஆனால் அதற்குள் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. 1987 சனவரியில் அந்நாட்டில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை, எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்திருந்தது. திமிட்ரியோஸ் திரிக்கோபூலோஸ் என்னும் மருத்துவப் பேராசிரியரும் அவர்தம் தோழர்களும் அவ்வாண்டே பிரித்தானிய மருத்துவ இதழில் இதனை ஆராய்ந்து எழுதினர். கலைக்கப்பட்டவை சுமார் 2,500 கருக்கள் என்பது அவர்கள் கணிப்பு. அவை அனைத்தும் பெற்றோர் விரும்பிச் சுமந்தவை!

அத்தாய்மார் மேல் பட்ட கதிரின் அளவுதான் எவ்வளவு? ஒரு மில்லிகிரேக்கும் குறைவு. உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகே மில்லிகிரே. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் தாயின் உடலிலிருந்தும் இயற்கையாக வரும் கதிரே, கரு வளரும் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ அரை முதல் ஒரு மில்லிகிரே வரை இருக்கும். ஆக, இறைவன் படைத்த இவ்வுலகில் ஒவ்வொரு குழந்தையும் கருவறையில் ஏற்றே வரும் அளவை ஒத்த ஒன்றுக்கு அஞ்சி அத்தனை உயிர்கள் அழிக்கப்பட்டன.

இனி நம் வீட்டுக் கவலைக்கு வருவோம். நெஞ்சு எக்ஸ்ரேயினால் கருவை எட்டும் கதிர் நூற்றில் ஒரு மில்லிகிரேக்கும் குறைவு. பல், கை, கால் எக்ஸ்ரேயும் அவ்வாறே. வயிற்றுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மில்லிகிரே. இடுப்புப் பகுதிக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் சராசரியாக 25 ஆகலாம். உறுப்புக் குறைபாடோ மூளை வளர்ச்சிக் குறைவோ நேருவதற்கு 100 மில்லிகிரேக்கு மேல் வேண்டும் என்பது மருத்துவ உலகின் முடிவு. அம்முடிவு, இரோசிமா, நாகசாகி நகரங்களில் 1945-இல் தாயின் வயிற்றிலிருந்த குழந்தைகளின் துயரத்திலிருந்து பெறப்பட்டது. தொடர்ந்து கவனிக்கப்பட்ட சுமார் 1,600 பேரில் 30 பேருக்குக் கடுமையான மூளை வளர்ச்சிக் குறைவு காணப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் 8 முதல் 15 வாரக் கருவாயிருந்தபோது கதிருக்கு உட்பட்டோர். கருவுற்றோருக்கு வழக்கமாக எடுக்கும் ஸ்கேனோ ஒலி அலையினால் ஆனது. அதில் எக்ஸ்ரே கதிரே இல்லை.

இதனைப் படித்துவிட்டு, அப்படியானால் கவலையே வேண்டாம் என்று எவரும் எண்ணலாகாது. இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்னும் பெண் மருத்துவர், பிள்ளைப் பருவத்திலேயே புற்றுநோயால் மாண்ட குழந்தைகளின் அன்னையரிடம் விவரம் கேட்டு, கருவிலிருந்தபோது எக்ஸ்ரேக்கு உட்பட்டோரிடையே அந்நோய் மிகுந்திருப்பதை 1956-இல் அறிவித்தார். மகப்பேற்றுக்கு முன் இடுப்பெலும்பை அளக்க எக்ஸ்ரே எடுப்பது வழக்கமாயிருந்த காலம் அது. அவர் சொல்லை நெடுநாள் பலர் ஏற்கவில்லை! அவ்வாறு கூடும் ஆபத்து மிகச் சிறியதே. எனினும் வீணாக ஏன் அதனை வரவழைக்க வேண்டும்? ஆகவே எக்ஸ்ரே எடுக்குமுன், கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் கூசாமல் சொல்லிவிடுங்கள். தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் மருந்து கொடுப்பது வேறு செய்தி. கருவுற்றோருக்கு அது அறவே ஆகாது. அச்சிகிச்சை பெற்றோர் ஆறு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். மாறாக, காசநோய் ஐயமுள்ள தாய், மருத்துவர் வேண்டுமென்று சொல்லும் நெஞ்சு எக்ஸ்ரேயை அஞ்சித் தவிர்த்தால், நோய் முற்றித் தாய்க்கும் சேய்க்கும் கேடு வரும்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரையில் வாழும் நம் மக்கள் வேறொரு வினா எழுப்புவர். அம்மணலிலுள்ள தோரியத்தால் அங்கே இயற்கைக் கதிர் மிகுதி. கேரளத்தில் இதே வகை மணல் உள்ள கொல்லம் கடற்கரைப் பகுதியில், பிறந்த குழந்தைகள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தார்கள். குறைபாட்டோடு பிறப்பது கதிர் மிகுதியால் கூடியதாகக் காணப்படவில்லை.

எந்தக் கதிரும் கூடுதலாகப் படாத தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு மூவர் அளவில் ஏதேனும் பெருங்குறையோடு பிறக்கின்றனர். அவ்வாறு பிறந்த குழந்தையின் தாயைப் பார்த்து, "அன்றைக்கு நீ எடுத்த எக்ஸ்ரேதான் காரணம்" என்று குத்திக்காட்டும் உறவினரை என்னென்பது? அவள் சுமக்கும் சிலுவைமேல் இன்னொரு சிலுவையை ஏற்றுகிறார்கள்.

100 மில்லிகிரேக்குக் குறைந்த அளவைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது முறையன்று எனக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையமே 2000-ஆம் ஆண்டில் கூறிவிட்டது. திருச்சபையின் போதனையோ மில்லிகிரேயைப் பார்த்து அமைந்ததன்று. குறையோடு பிறக்கப்போகும் குழந்தையின் உயிரும் அதே மாண்புடையதே. ஆனால் அஞ்சி வரும் பெற்றோரிடம் பாவம் என்று மட்டும் சொல்லி அனுப்புவது அரைப் பணி. அஞ்சி முன்னரே கருவை இழந்துவிட்ட அன்னையர் சிலரும் நம் பங்குகளில் மௌனமாக அழுதுகொண்டிருக்கலாம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1995-இல் எழுதிய 'வாழ்வின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலில், இத்தகைய பெண்களை நேராக விளித்து, நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று தேற்றியிருக்கிறார். அவர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

ஏற்கெனவே எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் கலங்கி நிற்போர் செய்யவேண்டியது இதுதான். எந்த உறுப்புக்கு, எந்த நாளில், எத்தனை படம் எடுத்தார்கள் என்னும் விவரச் சீட்டோடு கதிரியல் மருத்துவரை அணுகுங்கள். கருவை எட்டிய அளவைக் கணக்கிட்டுச் சொல்ல அவர்களால் இயலும். கணவனும் உடன் செல்க. முடிந்தால் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் சொல்வதை அவர் தம் காதால் கேட்டுவிட்டால், வீட்டில் வீண்பேச்சு எழாது.