பழுதுபார்க்கும் பட்டறைக்கு ஏற்ற விளக்கு



பட்டறைக்காரர் ஒருவர் ஸ்பானர் வாங்கக் கடைக்குப் போனால் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார், எடையை நிதானிக்கிறார், வாய் தேயுமா, வளையுமா என்று சோதிக்கிறார். அவரே விளக்கு வாங்கப் போனால், “எரிந்தால் போதும்” என்று கையில் கிடைத்ததை வாங்கி வந்துவிடுகிறார். விளக்கும் ஒரு கருவி என்பது அவர் நினைவுக்கு வருவதில்லை. ஸ்பானர் கெட்டால் ஒரு நட்டுக் கெடும். விளக்கு கெட்டதாயின் செய்யும் வேலை முழுவதும் கெடும். சில வேளைகளில் செய்பவனின் உயிருக்கே கேடு வரும். ஆதலால், பழுதுபார்க்கும் பட்டறைக்கு ஏற்ற விளக்கைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

கோயம்புத்தூர் வட்டாரத்தில் மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் பட்டறைகள் மிகுதி. அவற்றோடு நெடுநாள் பழகியவன் நான். ஆதலின் என் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வரும். நீர்மூழ்கி மோட்டாரின் காயில் தண்ணீரிலேயே கிடந்து வேலை செய்வது. அதன் கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையில் ஊசி முனை அளவு கீறல் இருந்தாலும் போதும், தண்ணீர் உள்ளே புகுந்து மோட்டார் எரிந்துபோகும். காயில் கட்டுகிறவர் அக்கீறலைக் காணத் தவறினால், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பல நூறு அடிக் குழாயை மறுபடியும் வெளியே இழுக்க வேண்டும். அதுவரை உழவருடைய பயிர் காயும். அவர் கண் கூர்மையானதாகவே இருக்கலாம்; ஒளி போதாவிடில் கண் என்ன செய்யும்?

முதலில் கவனிக்க வேண்டியது ஒளியின் அளவு. விளக்கு வெளியிடும் மொத்த ஒளியை லூமென் என்ற அளவால் குறிக்கிறோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் ஒளி விழுமானால் அதற்கு ஒரு லக்ஸ் என்று பெயர். சாதாரணப் பட்டறை வேலைக்கு 300 லக்ஸ் அளவும், நுண்ணிய வேலைக்கு 500 முதல் 1000 லக்ஸ் வரையும் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரமேயன்றி அது தரும் ஒளி அன்று. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த ஒளியை இன்று 9 வாட் எல்.ஈ.டி. பல்பு தந்துவிடுகிறது. எனவே, அட்டைப் பெட்டியின் மேல் வாட்டைப் பார்ப்பதினும் லூமெனைப் பார்ப்பதே முறை.

லூமென் மிகுதியாக இருந்தாலே போதும் என்றும் எண்ணிவிடலாகாது. விளக்கு எட்டப் போகப் போக ஒளி விரைந்து குறையும். தூரம் இரு மடங்கானால் ஒளி கால் பங்காகிவிடும். மேசைக்கு 2 மீட்டர் உயரத்தில் தொங்கும் சிறு விளக்கு 100 லக்ஸ் தருவதாக வைத்துக்கொள்வோம். அதையே 1 மீட்டருக்கு இறக்கினால் 400 லக்ஸ்; அரை மீட்டருக்கு இறக்கினால் 1600 லக்ஸ். கூரையில் பெரிய விளக்கை மாட்டிச் செலவு செய்வதைவிட, அருகில் ஒரு சிறு விளக்கை வைத்துக்கொள்வது சிக்கனம் என்பது இதனால் விளங்கும். ஆயினும் கூரை விளக்கை அடியோடு விட்டுவிடக் கூடாது. மேசை மட்டும் ஒளிர்ந்து சுற்றுப்புறம் இருண்டிருந்தால், தலை நிமிரும் போதெல்லாம் கண் தடுமாறும்.

அடுத்தது விளக்கின் இடம். வலக்கையால் வேலை செய்பவருக்கு ஒளி இடப்புறத்திலிருந்து வர வேண்டும். இல்லையேல் கையின் நிழலே வேலையின் மேல் விழும். நினைத்த இடத்தில் நிற்கும் மடக்குக் கை விளக்கு இதற்கு மிக ஏற்றது. வில்சுருளின் உதவியால் வைத்த இடத்தில் நிற்கும் இவ்விளக்கின் அமைப்புக்கு, இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கார்வர்டைன் என்பவர் 1932ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர் மோட்டார் வண்டிகளின் வில்லமைப்பில் தேர்ந்த பொறியாளர். விளக்கின் மூடி, பல்பு கண்ணுக்கு நேரே தெரியாதபடி ஆழமாக இருத்தல் நலம். கண் கூசினால், எவ்வளவு ஒளி இருந்தும் பயனில்லை. பளபளப்பான உலோகத்தில் நுண்ணிய விரிசலைத் தேடுகையில் ஒரு சிறு டார்ச்சை மேற்பரப்பையொட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேர் ஒளியில் மறைந்திருந்த கீறல், தன் நிழலாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, நிறம். மும்முனை மோட்டாரின் மூன்று கம்பிகள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறத்தால் அடையாளம் பெறுவன. அவற்றுள் இரண்டு இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுழலும். பம்பும் தண்ணீரைச் சரிவரத் தராது. பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நிறக்காட்டு எண் என்று ஓர் அளவு உண்டு. ஆங்கில எழுத்துகளில் சி.ஆர்.ஐ. என்று அச்சிட்டிருப்பார்கள். அதன் உச்சம் 100. பட்டறைக்கு 80க்குக் குறையலாகாது. 90 இருப்பின் சிறப்பு. சூடேறிக் கறுத்த செம்புக்கும் நல்ல செம்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டமான விளக்கு மறைத்துவிடும். ஒளியின் சாயல் 4000 கெல்வின் முதல் 5000 கெல்வின் வரை இருப்பது பெரும்பாலோர்க்கு இதமாக இருக்கும்.

நான்காவது, துடிப்பு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைவது. ஆகவே மட்டமான எல்.ஈ.டி. விளக்குகளும் பழைய சோக் வைத்த குழல் விளக்குகளும் நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்கு இது தெரிவதில்லை. அபாயமும் அதில்தான் இருக்கிறது. நான்கு ஆரமுள்ள புல்லி ஒன்று நிமிடத்திற்கு 1500 சுற்று சுழல்வதாகக் கொள்ளுங்கள். நொடிக்கு 25 சுற்று. ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையில் அது சரியாகக் கால் சுற்றுத் திரும்பும்; ஓர் ஆரம் இருந்த இடத்தில் அடுத்த ஆரம் வந்து நிற்கும். பார்ப்பவருக்குப் புல்லி அசையாமல் நிற்பது போலத் தோன்றும். 1440 சுற்றானால் மெல்லப் பின்னோக்கி நகர்வது போலத் தோன்றும். நிற்கிறது என்று நம்பிக் கை வைத்தால் விரல் போகும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். விளக்கின் கீழ் ஒரு பென்சிலை விரைவாக ஆட்டுங்கள். அது தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தால் அவ்விளக்குத் துடிக்கிறது என்று பொருள். சுழலும் இயந்திரத்திற்கு அருகில் அதை வைக்க வேண்டாம்.

இறுதியாக, உயிர்க் காப்பு. ஈரக் கிணற்றில் இறங்கிப் பம்பு பார்க்கும் தொழிலாளி, ஒட்டுப் போட்ட ஒயரில் 230 வோல்ட் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நனைந்த உடம்பும் நனைந்த சுவரும் மின்சாரத்திற்கு நல்ல வழி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடங்களுக்குள் தக்க பாதுகாப்பு இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைப் பயன்படுத்தலாகாது என விதித்திருந்தது. சட்டம் தொழிற்சாலைக்கே உரியது எனினும், மின்சாரத்திற்குக் கிணறென்றும் தொழிற்சாலையென்றும் வேற்றுமை இல்லை. இக்காலத்தில் பேட்டரியால் எரியும் நல்ல எல்.ஈ.டி. கைவிளக்குகளும் தலையில் அணியும் விளக்குகளும் எளிதில் கிடைக்கின்றன. கிணற்றுக்குள் அவையே போதும். நீர் புகாத அமைப்புடையதாகப் பார்த்து வாங்க வேண்டும். வார்னிஷ், தின்னர், பெட்ரோல் ஆகியவற்றின் ஆவி சூழ்ந்த இடத்திலோ தீப்பிடிக்காக் காப்புடைய விளக்கன்றி வேறெதுவும் ஆகாது. குண்டு பல்பு ஒன்று அங்கே உடைந்தால், கனன்று நிற்கும் அதன் இழையே தீ மூட்டிவிடும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வயது ஏற ஏறக் கண்ணினுள் புகும் ஒளி குறைகிறது. இருபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதுக் கண்ணில் சென்று சேர்கிறது. பட்டறையின் மூத்த மேஸ்திரி, “எனக்கு முன்போலத் தெரியவில்லை” என்றால், அவருடைய கைத்திறன் குறைந்துவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். அவர் மேசைக்கு இன்னொரு விளக்கைக் கொடுத்துப் பாருங்கள். நாற்பது ஆண்டு அனுபவம் சில நூறு ரூபாய்ச் செலவில் மீண்டும் உங்களுக்குக் கிடைக்கும்.

அளவு, இடம், நிறம், துடிப்பின்மை, காப்பு ஆகிய ஐந்தையும் நினைவில் வைத்து விளக்கை வாங்குங்கள். வாங்கிய பின் வாரம் ஒரு முறை துடைத்து வையுங்கள். எண்ணெயும் தூசியும் படிந்த விளக்கு, விலை கொடுத்து வாங்கிய ஒளியைத் தானே விழுங்கிவிடும்.