வெப்பத்தால் கொல்லப்பட்ட ஈஸ்ட்

வெப்பத்தால் கொல்லப்பட்ட ஈஸ்ட் என்பது, பெருகும் திறனை இழக்கும் வரை சூடாக்கப்பட்ட ஈஸ்ட் உயிரணுக்களைக் கொண்ட தயாரிப்பு ஆகும். வயிற்றுப்போக்குக்கும் குடல் நலத்துக்கும் துணைப்பொருளாக இது பயன்படுத்தப்படுகிறது. உயிருள்ள நுண்ணுயிர்களைக் கொண்டது புரோபயாட்டிக். உயிரற்ற நுண்ணுயிர்களாலோ அவற்றின் பாகங்களாலோ உடலுக்கு நன்மை தருவது போஸ்ட்பயாட்டிக். பிந்தைய சொல்லுக்கான இந்த வரையறை 2021-இல் வெளியானது. வெந்த ரொட்டியிலும் செத்த ஈஸ்ட் உண்டு. ஆனால் நன்மை நிறுவப்படாததால் ரொட்டி போஸ்ட்பயாட்டிக் ஆகிவிடாது.

வயிற்றுப்போக்குக்குப் பெயர்பெற்ற ஈஸ்ட் சாக்கரோமைசிஸ் பூலார்டி. 1920-களில் இந்தோசீனாவில் காலரா பரவியபோது, பிரெஞ்சு அறிவியலாளர் ஆன்றி பூலார் இதை லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தார். ஈஸ்ட் ஒரு பூஞ்சை என்பதால் பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இதை அழிப்பதில்லை. அம்மருந்துகளால் வரும் வயிற்றுப்போக்குக்கு இது கொடுக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயிருள்ள ஈஸ்ட்டில் ஓர் ஆபத்து உண்டு. மருத்துவமனையில் மாத்திரை உறையைப் பிரிக்கும்போது பறக்கும் தூள், கைவழியாக நோயாளியின் மையச் சிரைக் குழாய்க்குச் சென்று இரத்தத்தில் தொற்றாகலாம். இத்தகைய குழாய் உள்ளவர்களுக்கும், கடும் நோயுற்றோருக்கும், நோயெதிர்ப்பு குன்றியோருக்கும் இதைத் தரக்கூடாது என 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை அறிவுறுத்தியது. செத்த ஈஸ்ட் இரத்தத்தில் வளராது. குளிர்பதனமும் பெரும்பாலும் தேவைப்படாது.

செத்த பிறகும் உயிரணுச் சுவர் எஞ்சியிருக்கிறது. அதிலுள்ள மன்னான் என்னும் சர்க்கரைத் தொடரில் ஈ.கோலை, சால்மொனெல்லா ஆகியவற்றின் சில வகைகள் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டியவை குடற்சுவரைப் பற்றாமல் மலத்துடன் வெளியேறக்கூடும். பீட்டா குளுக்கானை நோயெதிர்ப்பு உயிரணுக்கள் அடையாளம் கண்டுகொள்கின்றன. ஆனால் உயிருள்ள பூலார்டி, குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் நஞ்சைச் சிதைக்கும் நொதி ஒன்றைச் சுரக்கிறது. செத்த உயிரணு எதையும் புதிதாகச் சுரக்காது. ஆகவே உயிருள்ள ஈஸ்ட்டில் கிடைத்த ஆய்வு முடிவுகளை அப்படியே செத்த ஈஸ்ட்டின் சிறப்பாக எழுதுவது தவறு. விளம்பரங்களில் இது நடக்கிறது. எந்த இனம், எந்த அளவு, உயிருள்ளதா இல்லையா என்பதை உறையில் பார்க்க வேண்டும்.

வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பு. ஈஸ்ட் எதுவும் அதை ஈடுசெய்யாது. ஓ.ஆர்.எஸ். கரைசல், குழந்தைகளுக்குத் துத்தநாகம், இடைவிடாத தாய்ப்பால், வழக்கமான உணவு ஆகியவையே முதல் சிகிச்சை. மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண்கள், சிறுநீர் குறைதல், குடிக்க முடியாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.