தனிமத்தின் அடையாளம்

இடத்தை அடைத்துக்கொண்டு நிறை உடையதாய் இருக்கும் எதுவும் பருப்பொருள் எனப்படும். பருப்பொருள்களுள், வேதிமுறைகளால் மேலும் எளிய பொருள்களாகப் பிரிக்க இயலாததைத் தனிமம் என்றும், தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் வேதிவினையால் இணைந்து உருவாவதைச் சேர்மம் என்றும் பாடநூல்கள் கூறுகின்றன. தனிமத்தின் இவ்வரையறை, பிரெஞ்சு அறிஞர் லவாசியே 1789இல் வெளியிட்ட நூலில் தெளிவான வடிவம் பெற்றது. அவர் பட்டியலிட்ட 33 தனிமங்களுள் ஒளி, வெப்பம், சுட்ட சுண்ணாம்பு ஆகியவையும் இருந்தன. இதைக் குறையாகக் கொள்வது நியாயமன்று. பகுப்பாய்வு எட்டும் கடைசி எல்லையில் எஞ்சுவதே தனிமம் என்று வகுத்த அவர், சுண்ணாம்பு போன்றவை ஒருநாள் உலோக ஆக்சைடுகளாக அறியப்படக்கூடும் என்ற ஐயத்தையும் பதிவுசெய்திருந்தார்.

அந்த ஐயம் மெய்யாயிற்று. இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி 1808இல், ஈரமாக்கிய சுண்ணாம்புடன் பாதரச ஆக்சைடைக் கலந்து அதனூடே மின்சாரத்தைச் செலுத்தியபோது, புதிய உலோகம் ஒன்று பாதரசத்தோடு கலந்த நிலையில் கிடைத்தது. பாதரசத்தைச் சூடாக்கி ஆவியாக வெளியேற்றியதும் எஞ்சிய உலோகமே கால்சியம். சுட்ட சுண்ணாம்பு என்பது கால்சியமும் ஆக்சிஜனும் இணைந்த சேர்மம் என்பது இதனால் உறுதிப்பட்டது.

அதே ஆண்டில் நூல் வெளியிட்ட ஜான் டால்டன், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எடைகொண்ட அணுக்களால் ஆனது என்று விளக்கினார். அணு எடையே தனிமத்தின் அடையாளம் என்ற கருத்து இவ்வாறு வேரூன்றியது. ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் 1869இல் தனிமங்களை எடை வரிசையில் அடுக்கி ஆவர்த்தன அட்டவணையை அமைத்தபோது, அயோடினைவிடக் கனமான டெலூரியத்தை அதற்கு முன்னால் வைக்க நேர்ந்தது. ஏனெனில் வேதிப்பண்புகளால் அயோடின் குளோரின், புரோமின் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. டெலூரியத்தின் எடை தவறாக அளக்கப்பட்டிருக்க வேண்டும் என அவர் கருதினார். அளவீடு தவறன்று, இன்றைய மதிப்புகளின்படியும் டெலூரியம் 127.6, அயோடின் 126.9.

இப்புதிரை அவிழ்த்தவர் ஹென்றி மோஸ்லி என்னும் இளம் ஆங்கிலேய இயற்பியலாளர். தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை 1913இல் அளக்கத் தொடங்கிய அவர், கதிரின் அதிர்வெண்ணுடைய வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் ஒரே சீராக, படிப்படியாக உயர்வதைக் கண்டார். அப்படிகளை நிர்ணயிப்பது அணுக்கருவின் நேர்மின்சுமை. அதாவது, பின்னர் புரோட்டான் எனப் பெயர்பெற்ற துகள்களின் எண்ணிக்கை. இதுவே அணு எண். டெலூரியத்துக்கு 52, அயோடினுக்கு 53 என்பதால் மெண்டலீவின் வரிசை சரியே. எடை வரிசை மாறியதற்குக் காரணம் அணுக்கருவில் உள்ள மின்சுமையற்ற துகள்களான நியூட்ரான்கள்: புரோட்டான் எண்ணிக்கை மாறாமல் நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் அணுக்களே ஐசோடோப்புகள். குளோரினில் நிறை எண் (புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) 35, 37 என இருவகை அணுக்கள் கலந்திருப்பதால்தான் அதன் சராசரி அணு எடை 35.45 என்று பின்னமாக அமைகிறது.

மோஸ்லி 1915இல், தம் 27ஆம் வயதில், கலிப்போலிப் போர்க்களத்தில் உயிரிழந்தது அறிவியலுக்கு நேர்ந்த பேரிழப்பு. ஆயினும் அவர் வகுத்த எண்வரிசை, எத்தனை தனிமங்கள் இன்னும் கண்டறியப்படவில்லை என்பதை முதன்முறையாகத் திட்டமாகக் காட்டியது. காலியாய் இருந்த இடங்களுள் 72ஆம் எண்ணை 1923இல் ஹாஃப்னியமும், 75ஆம் எண்ணை 1925இல் ரீனியமும் நிரப்பின. இயற்கையில் கிடைப்பதற்கு மிக அரிதான 43ஆம் தனிமமோ, மாலிப்டினத்தை டியூட்ரான்களால் தாக்கியதில் உருவாகி, 1937இல் இத்தாலியில் இனங்காணப்பட்டு, பின்னர் டெக்னீசியம் எனப் பெயர்பெற்றது.