படைவீரராகச் சேர்ந்தே அதிகாரியாக வேண்டும்

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் செனட்டர் அல்லது பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையைப் பெற வேண்டும். சுவிட்சர்லாந்தில் அரசியல்வாதியின் வாசலில் நிற்கும் வேலையே இல்லை. அங்கே ஆண் குடிமக்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு. பெண்கள் விரும்பினால் சேரலாம். எல்லோரும் சாதாரணப் படைவீரராகத்தான் தொடங்குகிறார்கள். 18 வார அடிப்படைப் பயிற்சியில் சேற்றில் உருளும்போதும் இரவுக்காவலில் நிற்கும்போதும் அவர்களைக் கவனிக்கும் மேலதிகாரிகளே தகுதியானவர்களைப் பதவிப் பயிற்சிக்கு முன்மொழிகிறார்கள். முன்மொழியப்பட்டவர் நினைத்தபடி மறுத்துவிடவும் முடியாது. பதவியை ஏற்கும்படி கட்டாயப்படுத்தச் சட்டம் இடம்தருகிறது. பரிந்துரைக்கு அலைபவர்களுக்கு இது விசித்திரமாகவே தோன்றும்.

இப்படி உருவாகும் லெப்டினன்ட்களில் பெரும்பாலோர் பயிற்சி முடிந்ததும் வங்கிக்கோ பட்டறைக்கோ திரும்பிவிடுவார்கள். ராணுவத்தையே தொழிலாகக் கொள்பவர்கள்தான் சூரிச்சின் இ.டி.எச். பல்கலைக்கழகத்துடன் இணைந்த ராணுவ அகாதமிக்குப் போகிறார்கள். அதில் பட்டப்படிப்பில் சேர ஏற்கெனவே அதிகாரியாக இருக்க வேண்டும்.

நாடாளுமன்றம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ராணுவப் பதவி ஒன்றே ஒன்று: ஜெனரல். அதுவும் அமைதிக்காலத்தில் கிடையாது. கடைசியாக 1939 ஆகஸ்ட் 30 அன்று, போர் மூள்வதற்கு இரண்டு நாள் முன்பு, ஆன்றி கீசான் அப்படித் தேர்வானார்.