தம்பி, இது யார் முகம்?

சித்தி மகள் கல்யாண வீடியோ பென் டிரைவில் வந்து சேர்ந்தது. குடும்பமே டி.வி. முன்னால் ஆஜர். முதல் காட்சியிலேயே சித்திக்கு வாயெல்லாம் பல். "பாருடா, என் பொண்ணு என்ன கலரு!"

பொண்ணோ பத்து நிமிஷம் வாயே திறக்கவில்லை. அப்புறம் மெதுவாக என் காதில் கேட்டாள்: "அண்ணா, தாலி கட்டிக்கிற அந்தப் பொண்ணு யாரு?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் எல்லோருமே கறுப்பு. அவள் ஒரு பிடி கூடுதல். வீடியோவிலோ சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றாள். காஞ்சிபுரத்தில் கடை கடையாக ஏறி எடுத்த அரக்குப் பட்டு, ரோஸ் கலராகியிருந்தது!

நான் பி.காம். கணக்கு உதைத்தால் எனக்குத் தூக்கம் வராது. மறுநாள் காலை ஸ்டுடியோவில் நின்றேன்.

எடிட்டர் தம்பி ஒளிக்காமல் தொழில் ரகசியம் சொன்னார். எங்கள் கல்யாணத்தில் 640 கிளிப். ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்வதற்கு 'கிரேடிங்' என்று பெயர். ஒரு கிளிப்புக்கு 2 நிமிஷம் என்றாலும் 1,280 நிமிஷம். அதாவது 21 மணி 20 நிமிஷம். "ஒரே முகூர்த்தத்துக்கு மூணு கல்யாணம் ஒத்துக்கிறோம் சார். முடியுமா?"

முடியாது. அதனால் குறுக்கு வழி.

அவர் உபயோகிப்பது 'டாவின்சி ரிசால்வ்' என்ற சாஃப்ட்வேர். ஒரு கிளிப்பில் நிறத்தை அமைத்து 'ஸ்டில்' எடுத்தால், படத்தோடு அந்த நிறக் கணக்கும் கேலரியில் பதிவாகிவிடும். அதை டி.ஆர்.எக்ஸ். ஃபைலாக எடுத்து பத்திரப்படுத்தலாம். அப்புறம் பைத்தான் அல்லது லுவா மொழியில் சில வரிகள். 'டைம்லைனில் இருக்கிற கிளிப்புகளை வரிசையாக எடு, ஒவ்வொன்றுக்கும் இந்த ஃபைலில் உள்ள நிறத்தைப் போடு.' அவ்வளவுதான். தட்டிக் காட்டினார். நான் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் 640 கிளிப்பும் நிறம் மாறி நின்றன!

"பிரமாதம் தம்பி. இந்த ஸ்டில் யார் முகத்தை வெச்சு செஞ்சது?"

தலையைச் சொறிந்தார். "போன வருஷம் ஒரு கல்யாணம் சார். பொண்ணு நல்ல சிவப்பு."

உதைத்த இடம் பிடிபட்டுவிட்டது. தொடக்க இருப்பைத் தப்பாக எழுதினால் வருஷக் கடைசி வரை லெட்ஜர் தப்புதான். கையால் செய்தால் ஒரு தப்பு ஒரு தப்போடு போகும். மெஷினோ, சொன்ன தப்பைத் துளி பிசகாமல் 640 தடவை செய்யும்.

இது புது வியாதியும் இல்லை. போட்டோ லேப்களில் பிரிண்ட் கலர் சரிபார்க்க கோடாக் கம்பெனி ஒரு பெண்ணின் படத்தை மாதிரியாக அனுப்பி வந்தது. 'ஷெர்லி கார்டு' என்று பெயர். 1950களில் தொடங்கிப் பல வருஷம் அதில் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரப் பெண்கள். அவள் முகம் சரியாக வந்தால் உலகத்துக்கே கலர் சரி! கறுப்பு முகங்கள் கண்ணும் பல்லுமாக விழுந்தன. பல நிறப் பெண்கள் சேர்ந்த கார்டு வர 1990கள் ஆயிற்று.

"எங்களை மட்டும் சொல்லாதீங்க சார்" என்றார் தம்பி. "வெளுப்பா இல்லைன்னா பாக்கிப் பணம் வராது. உங்க சித்தியே போன்ல 'பொண்ணை நல்லா பளிச்சுனு காட்டுங்க'ன்னு சொன்னாங்களே!"

எனக்கு டீ புரையேறியது.

பிறகு ஒரு அதிசயம் காட்டினார். 'வெக்டர்ஸ்கோப்' என்று வட்டமான அளவுமானி. அதில் தோல் நிறத்துக்கென்றே ஒரு கோடு. எந்த நாட்டு மனிதரின் தோலும் சுமாராக அந்தக் கோட்டை ஒட்டியே விழுமாம். கறுப்பு, சிவப்பு என்று நாம் பெண் பார்க்கும்போது தட்டிக் கழிப்பதெல்லாம் பெரும்பாலும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம்தான்!

ஆட்டோமேஷனை மூட்டை கட்டச் சொல்லவில்லை நான். ஆரம்பத்தைத்தான் மாற்றினோம். காலை முகூர்த்தம், மண்டப வாசல், ராத்திரி ரிசப்ஷன் என்று வெளிச்சம் மாறும் இடங்களைப் பிரித்து, கிளிப்புகளுக்கு மூன்று கலர் அடையாளம் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் எங்கள் பொண்ணின் முகத்தை வைத்தே ஒரு ஸ்டில். 'இந்த அடையாளத்துக்கு இந்த ஸ்டில்' என்று ஸ்கிரிப்டில் இன்னும் நாலு வரி. தட்டுவதற்கு முன்னால் டைம்லைனை ஒரு காப்பி எடுத்துக்கொண்டார். ஸ்டிலைப் போட்டால் கிளிப்பில் முன்பிருந்த கிரேடு போய்விடும். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

இரண்டாவது பென் டிரைவ் வந்தது. "என்னடா, கலரைக் குறைச்சுட்டாங்க?" என்று ஆரம்பித்தாள் சித்தி.

தாலி கட்டும் காட்சி வந்தது. பொண்ணு நிறுத்தச் சொன்னாள். கண் ஓரத்திலிருந்து கன்னத்தில் இறங்கும் ஒரு சொட்டு. முதல் வீடியோவில் வெளுப்போடு வெளுப்பாகக் காணாமல் போயிருந்தது.

சித்தி முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கலர் பேச்சே எழவில்லை.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வீடியோ அட்வான்ஸ் கொடுக்கும்போது, ரேட்டை அப்புறம் பேசுங்கள். முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, ஸ்டில் யார் முகம்?"